அமெரிக்க கம்ப்யூட்டருடன் மகன் போராடிய இரவில் அப்பா பணம் பறிபோனது!

லாக்கருக்குள் 11 தடவை அடித்த செல்போன்

தரமணியில் குளுகுளு அறையில் உட்கார்ந்து கொண்டு, அமெரிக்காவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்த்துக் கொண்டு இருந்தார், மகன்.

அதே நேரத்தில் சைதாப்பேட்டை வீட்டில், அப்பாவின் செல்போனுக்குள் புகுந்து பணத்தைச் சுருட்டிக் கொண்டு இருந்தான், ஒரு திருடன்.

மகன் கையில் இருந்ததும், திருடன் கையில் இருந்ததும் ஏறக்குறைய ஒரே ரக சாப்ட்வேர்தான்!

விஷயம் தெரிந்ததும் அப்பா பதறிப்போய் மகனுக்கு போன் செய்தார். ஒரு தடவை அல்ல, 11 தடவை. மணி அடித்துக் கொண்டே இருந்தது. எடுக்கத்தான் ஆள் இல்லை. மகனின் செல்போன், ஆபீஸ் வாசலில் உள்ள லாக்கரில் பூட்டிக் கிடந்தது.

2022-ம் ஆண்டு ஜூலை மாதம் நடந்தது இது. போன பணத்தில் பெரும் பகுதி இன்று வரை திரும்பவில்லை. "பேர் மட்டும் போட்டுடாதீங்க. அக்கம்பக்கத்துல இன்னும் யாருக்கும் தெரியாது" என்று அப்பாவும் மகனும் கேட்டுக் கொண்டதால் பெயர்கள் இங்கே இல்லை.

தூரத்து வைத்தியர்

மகனுக்கு அப்போது வயது 27. டிப்ளமா படித்தவர். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் சப்போர்ட் வேலை. மாலை 6.30 மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் விடியற்காலை 3.30 மணிக்குத்தான் எழுந்திருக்கலாம்.

ஏன் அந்த நேரம்? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடை காலத்தில் காலை 9 மணி என்றால், சென்னையில் மாலை 6.30 மணி. அங்கே கடை திறக்கும் நேரம், இங்கே விளக்கு ஏற்றும் நேரம். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைப்பார்கள். உடனே இங்கே ஷிப்ட்டும் 7.30-க்குப் போய்விடும். மார்ச்சில் பழையபடி 6.30. அவர்கள் சுவர்க் கடிகாரத்தில் முள்ளைத் திருப்பினால், சைதாப்பேட்டையில் சோறு வடிக்கிற நேரம் மாறுகிறது!

வேலை என்ன? அமெரிக்க கம்பெனியின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், இங்கே இருந்தே எழுப்பி விட வேண்டும். அதற்கு உதவுவதுதான் 'ரிமோட் டெஸ்க்டாப்' என்கிற சாப்ட்வேர்.

இங்கே எழுத்தைத் தட்டினால் அங்கே விழும். இங்கே மவுசை நகர்த்தினால் அங்கே அம்புக்குறி நகரும். அங்கே திரையில் தெரிவது படமாக இங்கே வந்து சேரும். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இந்த வசதி 1998-ல் தலை காட்டியது. 2001-ல் வந்த 'எக்ஸ்.பி.' மூலம் ஆபீஸ் மேஜைகளுக்கும் பரவியது. ஜெர்மனியில் இருந்து 'டீம் வியூவர்' 2005-லும், 'எனி டெஸ்க்' 2014-லும் கிளம்பின.

கேட்க மந்திரம் மாதிரி இருக்கும். உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைக் கேட்டால்தான் அவஸ்தை தெரியும்.

கால் நொடி அவஸ்தை

"கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொருத்தர் வீட்டு சமையல் கட்டுல உப்பு தேடுற மாதிரி சார்" என்கிறார், இந்த வேலையில் 6 வருஷம் குப்பை கொட்டிய ஒரு வாலிபர்.

சென்னையில் இருந்து நியூயார்க் 13 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். அந்த வேகத்திலும் போய்த் திரும்ப நொடியில் எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும். கேபிள் நேர்கோட்டில் போவது இல்லை; கடலைச் சுற்றி வளைத்துப் போகிறது. நடுவில் பல இடங்களில் நின்று நின்று போக வேண்டும். ஆகவே கிட்டத்தட்ட கால் நொடி தாமதம்.

கால் நொடிதானே என்று தோன்றும். பாஸ்வேர்டு 12 எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் கால் நொடி கழித்துத்தான் திரையில் விழும். விழுந்ததா, விழவில்லையா என்ற சந்தேகத்தில் மறுபடி தட்டினால் 2 எழுத்து விழுந்துவிடும். 3 தடவை தப்பாகப் போட்டால் கணக்கையே பூட்டிவிடும். பூட்டைத் திறக்க வேறு இலாகாவுக்கு மனு போட வேண்டும்.

சென்னைக்கு கடலடி கேபிள் புதிது அல்ல. சிங்கப்பூருக்குப் போகும் கேபிள் 2002-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் அடித்தபோது, மரங்கள் மட்டும் சாயவில்லை, இண்டர்நெட்டும் தள்ளாடியது. அன்றைக்கு அந்தக் கால் நொடியும் சொர்க்கமாகத் தெரிந்தது என்கிறார்கள்.

சில்லறைத் தொல்லைகளுக்கும் குறைவு இல்லை.

இங்கே 'காப்பி' செய்ததை அங்கே 'பேஸ்ட்' செய்தால் ஒட்டாது. திரை திடீரென்று கறுப்பாகிவிடும். அங்கே உள்ள கம்ப்யூட்டருக்கு கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அமுக்கினால், இங்கே உள்ள கம்ப்யூட்டர் "என்னையா கூப்பிட்டாய்?" என்று வந்து நிற்கும். தூரத்தில் உள்ளதற்கு டெலிட்டுக்குப் பதில் 'எண்ட்' அமுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் வாரம் முழுக்க இதில்தான் விழிப்பார்கள்.

இன்னொரு கூத்து. பெரிய சர்வர் கம்ப்யூட்டர்களில் நிர்வாக வேலைக்கு ஒரே சமயத்தில் 2 பேர் மட்டுமே நுழையலாம். அதுதான் சாதாரணமாக உள்ள ஏற்பாடு. வேலை முடிந்தவர் 'லாக் ஆப்' செய்யாமல், ஜன்னலை மட்டும் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆள் போய்விடுவார், அவர் இடம் காலியாகாது. பஸ்சில் துண்டு போட்டு வைத்த சீட்டு மாதிரி! அடுத்தவர் வாசலில் நின்று தவிக்க வேண்டியதுதான்.

டிக்கெட் வந்தது

அந்த ஜூலை இரவுக்கு வருவோம்.

மணி 8.45. மகனின் திரையில் சிவப்பு நிறத்தில் ஒரு டிக்கெட் வந்து விழுந்தது. சினிமா டிக்கெட் அல்ல. புகார்ச் சீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். சிவப்பு என்றால் அவசரம். அமெரிக்காவில் ஒரு சரக்குக் கம்பெனியின் கிடங்கில், பெட்டிகளில் ஒட்டும் விலாசச் சீட்டு அச்சாகவில்லை. லாரிகள் வாசலில் நிற்கின்றன. ஒப்பந்தப்படி குறித்த நேரத்துக்குள் சரி செய்யாவிட்டால் அபராதம்.

மகன் உள்ளே நுழையப் பார்த்தார். 2 சீட்டிலும் துண்டு! ஒன்று, அன்று லீவில் போய்விட்ட ஊழியர் முதல் நாள் போட்டது. அவரை வெளியேற்ற அனுமதி வாங்கி உள்ளே போகவே 20 நிமிஷம் ஓடிவிட்டது.

அச்சு வேலையைக் கவனிக்கும் புரோகிராம் உறைந்து போய் இருந்தது. கம்ப்யூட்டரை ஒரு தடவை 'ரீஸ்டார்ட்' செய்தால் சரியாகிவிடும். மகன் பட்டனை அமுக்கினார். திரை அசையவில்லை. படம் வர நேரம் ஆகிறது போலிருக்கிறது என்று நினைத்தார். மறுபடியும் அமுக்கினார்.

முதல் அமுக்கில் பட்டியல் திறந்துவிட்டது. அது இவர் கண்ணுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாவது அமுக்கு, 'ரீஸ்டார்ட்'டுக்குப் பக்கத்தில் இருக்கும் 'ஷட் டவு'னில் போய் விழுந்தது. அடுத்து வந்த கேள்விக்கும் அவசரத்தில் "சரி" போட்டுவிட்டார்.

மணி 9.12. அமெரிக்க கம்ப்யூட்டர் அடியோடு அணைந்தது.

அணைந்த கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டில் நுழைய முடியாது. யாராவது நேரில் போய் பட்டனை அமுக்க வேண்டும். அறைச் சாவி வைத்து இருந்தவர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்!

"என்ன பாஸ் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று தலையில் கை வைத்தார், டீம் லீடர். அவருக்கும் வயது 31-தான். அவர் தலைக்கு மேல் இன்னொருவர். "சாப்பாடெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அதை அப் பண்ணுங்க. சீட்டை விட்டு எழுந்திரிக்க வேணாம்."

மகனுக்கு வழக்கமாக சாப்பாட்டு இடைவேளை 9.30-க்கு. அப்போதுதான் லாக்கரைத் திறந்து போனைப் பார்ப்பார். அன்று அந்த 9.30 ரத்து.

'9.30-க்கு கரண்ட் கட்!'

சைதாப்பேட்டையில் அப்பாவும் ஒரு 9.30-க்குத்தான் பயந்து கொண்டு இருந்தார்.

அவருக்கு வயது 64. கூட்டுறவு பண்டகசாலையில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். 35 வருஷம் கணக்கு எழுதியவர். ஒரு ரூபாய் உதைத்தால் தூக்கம் வராது.

இரவு 8.40 மணிக்கு அவர் செல்போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. போன மாத மின்சார பில் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு கரண்ட் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியுடன் பேசவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

2022-ல் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பேருக்கு இதே மாதிரி எஸ்.எம்.எஸ். வந்தது. நம்பாதீர்கள் என்று மின்சார வாரியமும் போலீசாரும் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை இவர் கண்ணில் படவில்லை.

நிதானமாகப் பார்த்து இருந்தால் அந்த எஸ்.எம்.எஸ்.சிலேயே குட்டு உடைந்து இருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரக் கணக்கு 2 மாதத்துக்கு ஒரு தடவை எடுப்பதுதான் வழக்கம். 'போன மாத பில்' என்று ஒன்று கிடையாது!

"அது எனக்குத் தெரியாதா சார்? அட்டையில நானே எழுதி வெச்சிருக்கேன். ஆனா வீட்டுக்காரிக்கு மூட்டு வலி. பேன் இல்லைன்னா ராத்திரி பூரா உட்கார்ந்தே இருப்பா. அந்த நினைப்புல புத்தி வேலை செய்யலை" என்கிறார் அப்பா.

எண்ணில் பேசினார். அந்தப் பக்கம் அரைகுறைத் தமிழில் மரியாதையான குரல். "பயப்பட வேணாம் அய்யா. ஒரு ஆப் போடுங்க. 10 ரூபாய் மட்டும் கட்டுங்க. நானே பதிவு பண்ணி தர்றேன்."

ஆப் இறங்கியது. 9 இலக்க எண் ஒன்று திரையில் வந்தது. "அதைப் படிங்க அய்யா" என்றான். படித்தார். "சரின்னு வரும், அதை அமுக்குங்க" என்றான். அமுக்கினார்.

அவ்வளவுதான். வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்த கதை ஆகிவிட்டது.

3 சுருட்டல்

10 ரூபாய் கட்டுவதற்காக அப்பா தன் ரகசிய எண்ணைப் போட்டார். திருடன் எங்கேயோ உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக் கொண்டு இருந்தான். பேங்கில் இருந்து வந்த ஓ.டி.பி. எண்களும் அவன் கண் முன்னே வந்து விழுந்தன.

முதலில் 99 ஆயிரம் ரூபாய். அடுத்து 62 ஆயிரம். கடைசியாக 25 ஆயிரம். கால் மணி நேரத்துக்குள் 1 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய் அம்பேல்!

மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்காக எடுத்து வைத்து இருந்த பணம் அது.

மணி 9.25. பேங்கில் இருந்து வரிசையாக வந்த எஸ்.எம்.எஸ்.களைப் படித்த அப்பாவுக்குக் கை கால் நடுங்கியது. மகனுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"அவன் ஆபீஸ் நம்பர் வேற ஏதாவது இருக்கா?" என்று மனைவி கேட்டார்.

இல்லை. 3 வருஷமாக மகன் வேலை பார்க்கும் ஆபீசின் டெலிபோன் எண் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாமே என்றால், அப்பாவுக்கு மானம் தடுத்தது. "கணக்கு எழுதுனவன் சார் நான். எவன்கிட்ட போய் ஏமாந்துட்டேன்னு சொல்றது?" 1930 என்ற போலீஸ் உதவி எண் பற்றி அவருக்குத் தெரியாது.

மணி 9.30 ஆயிற்று. கரண்ட் போகவில்லை. பேன் சுற்றிக் கொண்டே இருந்தது. அப்பா மட்டும் வியர்வையில் நனைந்து கொண்டு இருந்தார்.

லாக்கர் திறந்தது

தரமணியில் இன்னும் போராட்டம் முடியவில்லை.

சாவிக்காரர் சாப்பிட்டுத் திரும்பி வந்து பட்டனை அமுக்கியபோது இங்கே மணி 10.15. அப்பாடா என்று நிமிர்ந்தால், கம்ப்யூட்டர் தன் அப்டேட் வேலையை ஆரம்பித்துவிட்டது. 12 சதவீதம்... 13 சதவீதம்... அணைக்காதே என்று திரையில் எச்சரிக்கை வேறு. அது முடிய 35 நிமிஷம். அப்புறம் தேங்கிக் கிடந்த அச்சு வேலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, முதல் சீட்டு அச்சானபோது 11.40.

அமெரிக்காவில் லாரிகள் கிளம்பின. "குட் ஜாப்" என்று மெயில் வந்தது. அதோடு, யார் அணைத்தது, ஏன் அணைத்தது என்று 24 மணி நேரத்தில் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு மெயிலும் வந்தது.

11.50-க்கு மகன் லாக்கரைத் திறந்தார். போனில் 11 தவறிய அழைப்புகள். எல்லாம் "அப்பா".

"அம்மாவுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன் சார். வராண்டாவுலயே உட்கார்ந்துட்டேன்."

அப்பா பேசியபோது குரலே எழும்பவில்லை. "தம்பி, நான் தப்பு பண்ணிட்டேன்டா" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மகன் சொன்ன முதல் வார்த்தை: "அப்பா, மொதல்ல போனை ஆப் பண்ணுங்க. அவன் இன்னும் உள்ளதான் இருப்பான்."

அடுத்த நிமிஷம் 1930-க்கு அடித்தார். மணி 11.55. பணம் போய் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் 2 தொகைகளும் பல கணக்குகளுக்கு மாறி, ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டன. கடைசி 25 ஆயிரம் மட்டும் ஒரு வாலெட் கணக்கில் அசையாமல் கிடந்தது. அதை முடக்கினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அது திரும்பக் கிடைத்தது.

மீதி 1 லட்சத்து 61 ஆயிரம் போனது போனதுதான்.

விடியற்காலை வீட்டுக்கு வந்ததும் மகன் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தார். அந்த ஆப்பைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"இதே ரகத்துலதான் நான் சம்பளம் வாங்குறேன். நான் ஒவ்வொரு தடவையும் 'உள்ளே வரட்டுமா'ன்னு கேட்பேன். அவங்க சரின்னு அமுக்குவாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான் அமுக்கி இருக்காரு."

கத்தி ஒன்றுதான்

இந்த சாப்ட்வேர்கள் திருட்டுக்காகச் செய்தவை அல்ல. காய் நறுக்கவும் கத்தி, கழுத்தில் வைக்கவும் கத்தி. தூரத்தில் உள்ளவருக்கு உதவி செய்யச் செய்ததைத் திருடர்கள் பிடித்துக் கொண்டார்கள். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் பேங்க், 'எனி டெஸ்க்' ஆப்பைக் குறிப்பிட்டு, 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி மோசடி நடக்கிறது என்று பேங்குகளை உஷார்ப்படுத்தியது.

பூட்டை உடைத்துத் திருடினால் சத்தம் கேட்கும். இதில் வீட்டுக்காரரே கதவைத் திறந்து, விளக்குப் பிடித்து, பீரோவைக் காட்டுகிறார். இதுதான் இந்தத் திருட்டின் சூட்சுமம்.

பொதுமக்கள் நினைவில் வைக்க வேண்டியவை இவை:

முகம் தெரியாதவர் சொல்லி எந்த ஆப்பையும் போனில் இறக்கக் கூடாது. பேங்கோ, மின்சார வாரியமோ இப்படிக் கேட்பது கிடையாது.

தவறிப் போட்டுவிட்டால், உடனே போனை அணைக்க வேண்டும். அல்லது இண்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் திருடன் வெளியே!

அடுத்தவர் போனில் இருந்து 1930-க்குப் பேச வேண்டும். பேங்குக்கும் சொல்ல வேண்டும். வெட்கம் பார்த்து இழுத்தடிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் திருடனுக்கு லாபம்.

2017 ஜூலையில் ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவுப்படி, ரகசிய எண்ணை வாடிக்கையாளரே கொடுத்து ஏமாந்து இருந்தால், பேங்குக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவர் தலையில். தகவல் சொன்ன பிறகும் பணம் போனால், அது பேங்க் தலையில். ஆகவே சொல்லிவிடுவதுதான் முதல் வேலை.

கழுத்தைப் பிடிக்கும் வேலை

திருடன் கதை ஒரு பக்கம். அந்த நாற்காலியின் கதை இன்னொரு பக்கம்.

போனை ஏன் பூட்டி வைக்கிறார்கள்? திரையில் தெரிவது அடுத்தவர் ரகசியம். படம் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. நியாயம்தான். சில இடங்களில் பேனாவும் காகிதமும் கூடக் கொண்டு போகக் கூடாது. ஆனால் வீட்டில் ஒரு ஆபத்து என்றால் உள்ளே இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்று பல ஊழியர்களுக்கே தெரிவது இல்லை. 13 ஆயிரம் கிலோ மீட்டரில் உள்ளவர் 15 நிமிஷத்தில் கூப்பிடலாம். 5 கிலோ மீட்டரில் உள்ள அப்பாவுக்கு வழி இல்லை!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபீசிலேயே இருக்க, ஊழியர்கள் வீட்டில் இருந்து ரிமோட்டில் நுழைந்து வேலை பார்த்தார்கள். ஆபீஸ் வீட்டுக்குள் வந்தது. ஊரடங்கு போன பிறகும் அது வெளியே போகவில்லை என்று குமுறுகிறார்கள். சாப்பிட எழுந்தால் பச்சை விளக்கு மஞ்சள் ஆகிவிடும். "எங்கே போனீங்க?" என்று செய்தி வரும். 15 நிமிஷம் மவுசைத் தொடாவிட்டால் தொடர்பே அறுந்துவிடும். மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி ஓ.டி.பி., மறுபடி முதலில் இருந்து.

உடம்பு சும்மா இருக்குமா? வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களை விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கூறின. வேலையில் வெந்து கருகிப் போகும் நிலையை, வேலை சார்ந்த ஒரு நிகழ்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் பட்டியலில் விளக்கியது.

வேலை நேரம் முடிந்த பின் ஆபீஸ் அழைப்பை எடுக்காமல் இருக்க ஊழியருக்கு உரிமை தரும் சட்டம் பிரான்சில் 2017-ல் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது.

மனம் தாங்காதவர்களுக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

சிவப்பு வால்பேப்பர்

அந்த ஜூலைக்குப் பிறகு மகன் 2 காரியம் செய்தார்.

முக்கியமான சர்வர்களில் எல்லாம் திரையின் பின்புறத்தைச் சிவப்பாக மாற்றி, பெரிய எழுத்தில் அந்த சர்வரின் பெயரைப் போட்டார். எந்த ஊர் கம்ப்யூட்டருக்குள் நிற்கிறோம் என்று கண்ணில் அறைந்து சொல்லும். திரை அசையாவிட்டால் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த அமுக்கு என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். டீம் லீடர் இதை மேலே எழுதி அனுப்பி நல்ல பெயர் வாங்கினார்.

இரண்டாவது, செக்யூரிட்டி மேஜையில் உள்ள டெலிபோன் எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டு காலண்டரில் எழுதினார். "அவசரம்னா இதுல கூப்பிடுங்க. ஆள் வந்து என்னை எழுப்பிக் கூட்டிட்டு வருவாங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அந்த எண் முன்பும் அங்கேயேதான் இருந்தது. கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அதற்குக் கீழே 1930.

அம்மாவின் ஆபரேஷன் ஒரு வருஷம் தள்ளிப் போனது. மகன் கம்பெனியில் முன்பணம் வாங்கி 2023-ல் முடித்தார். அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறார்.

அப்பாவோ, போனில் பில் கட்டுவதையே விட்டுவிட்டார். 2 மாதத்துக்கு ஒரு தடவை அட்டையை எடுத்துக் கொண்டு, நேரே மின்சார ஆபீஸ் கவுண்டருக்குப் போய் வரிசையில் நிற்கிறார்.

"ஏன்ப்பா வெயில்ல நிக்கிறீங்க? நான் ராத்திரி ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷத்துல கட்டிடுவேன்ல" என்று மகன் கேட்டால், அவருடைய பதில் ஒன்றுதான்:

"இங்க காசு வாங்குறவன் மூஞ்சி தெரியுதுடா."